துபாஷியின் கண்

தமிழர்களுக்கு அரசனைப் பாட வரும், ஊரைப் பாட வரும், ஆண்டவனிடம் அழுது முறையிடவும் வரும். ஆனால் நேற்று ஒருவர் எந்த முகத்தோடு பேசினார், அதைக் கேட்டுத் தன் மனம் எப்படிச் சுருங்கியது என்று உரைநடையில் எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் ஆங்கிலப் படிப்போடுதான் வந்தது என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. இந்தப் பேச்சுக்கு இடைஞ்சலான சாட்சி ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. நள வருஷம் ஆவணி மாதத்தில், அதாவது 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, இருபத்தேழு வயது வியாபாரி ஒருவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கப்பல் வரத்துப் போக்கையும் எழுதி வைப்பது என்று முடிவு செய்து எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில், புதுச்சேரிக் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு அவர் கண்ணை மூடும் வரை, இடையிடையே விடுபட்டாலும், அந்தக் குறிப்பு தொடர்ந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைச் சரித்திரக்காரர்கள் கர்நாடகப் போர்களுக்கான ஆவணமாகவே பெரும்பாலும் புரட்டியிருக்கிறார்கள். அதில் அதிகம் நிறைந்திருப்பது போர் அல்ல, மனிதர்களின் முகம். அந்த முகம் பார்க்கும் கலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவர் குடும்பத்தின் தொழில்தான் என்பது என் கட்சி.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன். பெயர் அப்படி, வேலை அதைவிடப் பெரியது. பிரெஞ்சுக் கும்பினிக்கு நெசவாளரிடமிருந்து துணி வாங்கித் தர வேண்டும், வணிகருக்கு முன்பணம் கொடுத்து வசூலிக்க வேண்டும், நவாபின் ஆளுக்கு என்ன மரியாதை, பாளையக்காரரின் ஆளுக்கு என்ன மரியாதை என்று குவர்னருக்குச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவன் இரண்டு பக்கத்து முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவன். குவர்னர் சொன்ன கடுஞ்சொல்லை எவ்வளவு தணித்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் எழுந்து போகாமல் இருப்பார், எவ்வளவு தணித்தால் குவர்னருக்குச் சந்தேகம் வரும் என்று அவன் நொடிக்கு நொடி கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கில் பிசகினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளையின் குடும்பம் நேரில் கண்டிருந்தது. அவருடைய மாமா நைனியப்ப பிள்ளை தலைமைத் துபாஷியாகச் செல்வாக்கோடு இருந்தவர்; 1716இல் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் தள்ளப்பட்டார், அடுத்த ஆண்டு அங்கேயே செத்தார். அவர் மகன் குருவப்பா கடல் தாண்டிப் பாரீஸ் வரை போய் நியாயம் கேட்டார். தண்டனை தவறு என்று பின்னால் தீர்ப்பானது, ஆள்தான் இல்லை. பெரம்பூரில் பிறந்து, சிறு பிள்ளையாகப் புதுச்சேரிக்கு வந்து, அந்த வீட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர், அதிகாரத்தில் இருப்பவரின் புருவம் அசைவதைக் கவனிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

இங்கே ஒரு தடை எழும். எழுதத் தொடங்கியபோது பிள்ளை தலைமைத் துபாஷி இல்லையே. அந்தப் பதவி அவருக்கு 1747இல்தானே வந்தது? வாஸ்தவம். பதினோரு வருஷம் அவர் துணி வியாபாரியாகவும் தரகராகவும் இருந்துகொண்டு, அதில் பெரும்பகுதி பதவியில் இருந்த கனகராய முதலியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இந்தத் தடை என் கட்சிக்குத் துணையாகவே வருகிறது. நாற்காலியில் அமர்ந்தவனைவிட நாற்காலிக்குக் காத்திருப்பவனுக்குக் கண் கூர்மை. முதலியார் 1745இல் உழவர்கரையில் தம் இறந்த மகன் நினைவாகக் கட்டிய தேவாலயத்தின் விழாவில் எல்லாச் சாதியாரையும் அழைத்து, அவரவர் ஆசாரப்படி சமைக்க ஏற்பாடு செய்து விருந்து வைத்ததைப் பிள்ளை வரி வரியாக எழுதிவிட்டு, கிறித்தவராக நடப்பதா தமிழ்ச் சடங்கைப் பிடித்துக்கொள்வதா என்று முடிவு செய்யாத மனிதர் என்ற தொனியில் குறை சொல்கிறார். 1746 பிப்ரவரியில் முதலியார் இறந்ததும் பதவிக்கு யார் என்ற போட்டி தொடங்கியது. கிறித்தவர் ஒருவரே வர வேண்டும் என்று இயேசு சபைப் பாதிரிமார் நெருக்கினார்கள். குவர்னர் டூப்ளேயின் மனைவி ழானுக்கும் தனி விருப்பங்கள் இருந்தன. அந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசத் தெரிந்தவர். குவர்னர் வீட்டுக்குள்ளேயே இன்னொரு துபாஷி இருந்தால் வெளித் துபாஷியின் நிலை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாட்குறிப்பில் அந்த அம்மாள்மேல் கொட்டப்படும் கசப்பில் பாதி, தொழில் போட்டியின் கசப்பு.

அவர் கவனித்தவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தாம். ஒரு கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று எண்ணுகிறார். யார் வந்தபோது குவர்னர் எழுந்து நின்றார், யாரைத் தழுவினார், யாருக்கு இருக்கை தந்தார், யாருக்குத் தாம்பூலமும் பன்னீரும் கொடுத்து அனுப்பினார் என்பதெல்லாம் விடாமல் பதிவாகிறது. காலையில் போனபோது குவர்னர் சிரித்துப் பேசினார், சாயங்காலம் முகம் கொடுக்கவில்லை, ஆகவே பாக்குக் கிடங்குக்கு வந்து உட்கார்ந்தேன் என்கிற மாதிரியான நாள்கள் ஏராளம். அந்தப் பாக்குக் கிடங்கு இந்த நாட்குறிப்பின் நடுமுற்றம். அங்கேதான் ஆட்கள் வந்து சேதி சொல்வார்கள், வதந்தி வரும், ஆறுதல் வரும், சோசியம் வரும். தன் ஜாதகத்தில் எந்தக் கிரகம் எங்கே நிற்கிறது, கெட்ட காலம் எப்போது தீரும் என்பதையும் பிள்ளை எழுதி வைக்கிறார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்; தன் மனக்கலக்கத்தை அவர் சொல்லத் தெரிந்துகொண்ட மொழி அது. பயமாக இருக்கிறது என்று எழுதாத மனிதர், சனி இன்ன இடத்தில் நிற்கிறான் என்று எழுதுவார்.

இது வெறும் வியாபாரக் குறிப்பேடுதான், சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகிய கை நிறுத்த முடியாமல் ஓடியிருக்கிறது என்று சிலர் சொல்லலாம். சிட்டையின் சாயல் உண்மையிலேயே இருக்கிறது: வருஷம், மாதம், தேதி, கிழமை, நாழிகை என்று ஒவ்வொரு நாளும் கணக்குப்பிள்ளை தொடங்குவதுபோலத்தான் தொடங்குகிறது. ஆனால் சிட்டையில் வரவுக்கும் செலவுக்கும் இடம் உண்டு. ஒருவர் பேசிய பேச்சு அப்படியே, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, பதில் சொன்ன விதத்தோடு பக்கம் பக்கமாக வருவதற்கு அதில் இடம் இல்லை. கணக்கு எழுதியவர் மனிதர்களையும் வரவு செலவில் சேர்த்துக்கொண்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்னொரு சாரார், கும்பினியின் தினசரிப் பதிவேடுகளைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார் என்பார்கள். பார்த்திருக்கக்கூடும். ஆனால் பதிவேட்டில் ஆலோசனைச் சபையின் முடிவுதான் இருக்கும்; முடிவு வாசிக்கப்பட்டபோது யார் முகம் கறுத்தது என்பது இராது. மொழியும் சபைக்குரியதல்ல. முசே, மதாம், கப்பித்தான், கும்பினி என்று வாயில் வந்தபடி பிரெஞ்சும் போர்த்துக்கீசும் பாரசீகமும் தெலுங்கும் கலந்த கடைத்தெருத் தமிழ் அது. பண்டிதர்கள் கண்டால் முகம் சுளித்திருப்பார்கள். பண்டிதர்களுக்காக அவர் எழுதவும் இல்லை.

இவற்றைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. பிறரைப் பார்த்தவர் தன்னைப் பார்த்தாரா? நாட்குறிப்பு நெடுக அவர் டூப்ளேயிடம் பேசிய புத்திசாலித்தனமான பேச்சுகள் வருகின்றன. தங்கள் பெயரைக் கேட்டால் டில்லி வரை நடுங்குகிறது என்கிற ரகத்து முகஸ்துதியையும் கூச்சமில்லாமல் எழுதுகிறார். 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, பாதிரிமாரின் சம்பாக் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரர்களாலேயே இடிக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஒருமித்து நிற்கவில்லை, உறுதி காட்டவில்லை என்று பிள்ளை மனம் கொதித்து எழுதுகிறார். குவர்னரிடம் அன்றாடம் பேசக்கூடிய தலைமைத் துபாஷி என்ன செய்தார் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த இடத்தில் அவருக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அன்றைய பக்கங்களின் நீளமே ஒரு சாட்சி. தன் பங்கு எதுவுமில்லை என்று உண்மையிலேயே நம்பியவர் அவ்வளவு பேரை அவ்வளவு விவரமாகக் குற்றம் சாட்டியிருக்க மாட்டார். நேராகத் தன்னை விசாரிக்கும் எழுத்து இது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்தவரைப் பற்றிப் பேசிப் பேசியே ஒருவர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிற எழுத்து. அண்டை வீட்டைப் பற்றிப் புலம்புகிறவரிடமிருந்து அவர் வீட்டைத் தெரிந்துகொள்வது நமக்கெல்லாம் பழக்கமான வித்தைதானே!

கடைசி வருஷங்களில் அந்த எழுத்தின் தொனி மாறுகிறது. 1754இல் தம்பி திருவேங்கடம் போனார், அதே ஆண்டு டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையின் பதவி பறிபோனது, மனைவியும் இறந்தார். உடம்பும் சரியில்லை. முகஸ்துதி செய்ய ஆள் இல்லாதபோது முகஸ்துதி வற்றுகிறது. மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டமும், ஆனந்தப்புரவி என்று பெயர் சூட்டிய சொந்தக் கப்பலும், பல்லக்கும் வாத்தியமுமாகப் போகும் உரிமையும் பெற்றிருந்தவர், யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணுகிறார். பீரங்கியை எண்ணிய அதே கை.

தொழில்தான் இந்தக் கண்ணைக் கொடுத்தது என்பதற்கு இன்னொரு ஆதாரமும் அதே ஊரில் கிடைக்கிறது. பிள்ளைக்குப் பின் 1778 முதல் 1792 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதியவர் இரண்டாம் வீரா நாயக்கர். அவர் நயினார், அதாவது நகரக் காவல் தலைவர். பிள்ளையின் சொந்தக் குடும்பத்திலும் அடுத்த தலைமுறையினர் எழுதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் நாட்குறிப்புகள் என்று கையில் இருப்பவை துபாஷி வீட்டிலிருந்தும் காவல் சாவடியிலிருந்தும் வந்தவை. மடத்திலிருந்து வரவில்லை, புலவர் வீட்டிலிருந்தும் வரவில்லை. மனிதர்களைத் தவறாகப் படித்தால் பிழைப்புக்கும் சமயத்தில் உயிருக்கும் ஆபத்து என்ற இடத்தில் இருந்தவர்கள்தாம் மனிதர்களை எழுதினார்கள். நெசவாளியும் அடிமையாக விற்கப்பட்டவரும் இதைவிட நுட்பமாக முகம் படித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களிடம் காகிதம் இல்லை. பிள்ளையின் பக்கங்களில் அவர்கள் வருவது வழக்காகவும் சேதியாகவும்தான்.

இந்த நாட்குறிப்பு வெளியுலகுக்குத் தெரிந்தது 1846இல், கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த பிறகு. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து முடிந்தது. தமிழ் மூலம் நூலாக வரத் தொடங்கியது 1948இல்தான். துபாஷியையே நாம் முதலில் துபாஷி வைத்துத்தான் படித்திருக்கிறோம். இப்போது தமிழிலேயே கிடைக்கிறது. படிக்கப் போகிறவர்கள் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்ட 1746 செப்டம்பரில் தொடங்க வேண்டாம். கப்பலும் வராத, குவர்னரும் பேசாத, பிள்ளை பாக்குக் கிடங்கில் சும்மா உட்கார்ந்திருந்த ஏதாவது ஒரு நாளில் தொடங்குங்கள்.