ஜாலான் அம்பாஸ் பாடல்களும் பி. ரம்லியின் வாழ்வும்

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று பலஸ்டியர் சாலைக்குள் திரும்பினால், ஜாலான் அம்பாஸ் என்னும் சிறு தெருவை அடையலாம். போருக்குப் பின் ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்படக் கூடம் இயங்கிய இடம் அது. 1967இல் மூடப்படும்வரை, இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற மலாய்ப் பாடல்கள் பல அங்கேதான் பிறந்தன. இது அயலார் வரலாறு எனத் தமிழ் மாணவர் சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை.

அக்கூடத்தின் தொடக்ககால இயக்குநர்களில் பலர் இந்தியர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் ஆகியோர் பெயர்களை மலாய்ப் படங்களின் முகப்பில் காணலாம். அவர்களோடு இந்தியப் படங்களின் பின்னணிப் பாடல் முறையும் அங்கே வேரூன்றியது. பங்சாவான் நாடக மேடையில் பாட்டு நிறைய உண்டு. ஆயினும் அங்கே நடிப்பவரே பாட வேண்டும். திரைப்படத்திலோ பாடலை முதலில் ஒலிப்பதிவு செய்து, படப்பிடிப்பின்போது ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, நடிகரை வாயசைக்கச் செய்யலாம். இதனால் நல்ல முகம் ஒருவருடையதாகவும் நல்ல குரல் வேறொருவருடையதாகவும் இருக்க இயன்றது. குரலுக்கு உரியவர் திரையில் தோன்றவே தேவையில்லை.

பி. ரம்லியின் தொடக்கமும் இவ்வாறே அமைந்தது. பினாங்கில் 1929இல் பிறந்த அவருடைய இயற்பெயர் தெக்கு ஸக்கரியா. தந்தை புத்தேயின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டார். தலைப்பெழுத்து வழக்கமுடைய நமக்கு இது வியப்பளிக்காது. புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்ட ராஜ்ஹன்ஸ், 1948இல் அவரைச் சிங்கப்பூருக்கு வரவழைத்தார். அவ்வாண்டு வெளிவந்த 'சிந்தா' படத்தில் ரம்லி ஏற்றது வில்லன் வேடம். ஆனால் கதாநாயகன் வாயசைத்த பாடல்களில் ஒலித்தது ரம்லியின் குரல்! 1950இல் கிருஷ்ணன் தம் 'பக்தி' படத்தில் அவரையே கதாநாயகனாக்கி, குரலையும் முகத்தையும் ஒன்றுசேர்த்தார். அதன்பின் ரம்லி நடிகர், பாடகர், இசையமைப்பாளர், 1955 முதல் இயக்குநர் எனப் பல பொறுப்புகளை ஏற்றார். மலாய் மரபிசை, இலத்தீன் அமெரிக்கத் தாளங்கள், ஜாஸ், இந்துஸ்தானி மெட்டு யாவும் அவர் பாடல்களில் அயன்மை தோன்றாமல் கலந்தன.

புகழ் வளர்ந்தபோதும், அக்கூடத்தின் கலைஞர்கள் மாதச் சம்பளக்காரர்களாகவே இருந்தனர். ஊதியத்தை முன்வைத்துச் சங்கம் கிளர்ந்தபோது சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 1957இல் வேலைநிறுத்தம் மூண்டது. அப்போது கலைஞர் சங்கமான பெர்சாமாவின் தலைவர் ரம்லி. அவர் பாடல்களை விரும்பிக் கேட்போரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

இசைக்கலைஞனின் மதிப்பு என்ன என்னும் கேள்வியை அவரே 1962இல் படமாக்கினார். 'இபு மெர்துவாகு', அதாவது 'என் மாமியார்', என்பது அதன் பெயர். சாக்சபோன் வாசிக்கும் காசிம் சலாமத்தின் இசையை வானொலியில் கேட்டு மனம் பறிகொடுக்கிறாள் சிங்கப்பூரின் செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தி. இசைக்காரரை இழிவாகக் கருதும் தாய், செல்வமா அவனா எனக் கேட்கிறாள். மகள் அவனைத் தேர்கிறாள். இருவரும் பினாங்கு சென்று வறுமையில் வாடுகின்றனர். பின்னர் மகளைத் திரும்ப அழைத்துக்கொண்ட தாய், அவள் இறந்துவிட்டதாகப் பொய் சொல்கிறாள். அழுதழுது காசிம் பார்வையிழக்கிறான். அறுவை மருத்துவத்தால் பார்வை மீள்கிறது; உண்மை தெரிந்தபின் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். கதையின் மிகையுணர்ச்சியை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்தத் தாயின் சொற்களில் ஒலிப்பது ஒரு தனிமனுஷியின் கொடுமை மட்டுமன்று. பாட்டை வீட்டுக்குள் அழைத்துப் பாடியவனை வாசலில் நிறுத்தும் வழக்கம் அது. நம் சமூகத்திலும் அதனைக் காண்கிறோம். 'முன்னேறு வாலிபா' பாடலைச் சிங்கப்பூரின் எல்லா இன மாணவரும் பாடுகின்றனர். அதனை இயற்றிய எஸ். ஜேசுதாசனின் பெயரை வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

1964இல் ரம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து மெர்டேக்கா படக்கூடத்தில் சேர்ந்தார். காலம் அவருக்கு எதிராக இருந்தது. இந்தோனேசியாவுடன் மூண்ட பூசலால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. வெளிநாட்டு வண்ணப் படங்கள் வந்து குவிந்தன. அவர் படங்களோ கருப்பு வெள்ளையிலேயே நின்றன. இளைஞர் செவிகள் மின்கித்தார்க் குழுக்களின் 'போப் யே யே' பாட்டின்பால் திரும்பின. 1961இல் அவர் மணந்த பாடகி சலோமா, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கில் பிறந்தவர். ஜாஸ் நடையில் பாடுவதில் வல்லவர். அவர் இறுதிவரை உடனிருந்தார். 1973 மே 29ஆம் நாள், 44ஆம் வயதில், மாரடைப்பால் ரம்லி காலமானார். 66 படங்களில் நடித்தவரின் இறுதி ஆண்டுகள் பொருள் நெருக்கடியில் கழிந்தன.

பெருமைகள் பின்னரே வந்தன. கோலாலம்பூரின் பாரி சாலை 1982இல் அவர் பெயரைப் பெற்றது. 1990இல் 'தான் ஸ்ரீ' பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. அதனைக் காணச் சலோமாவும் இல்லை. அவர் 1983இலேயே மறைந்திருந்தார்.