செங்கொடியும் வேகவரம்பும்: பிரித்தானியத் தொடக்ககால மோட்டார் சட்டங்கள்

பிரித்தானிய மோட்டார் சட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் செங்கொடியிலிருந்தே தொடங்குவர். 1865ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர ஊர்திகளின் வேகத்தை நாட்டுப்புறச் சாலைகளில் மணிக்கு 4 மைல், நகரங்களில் 2 மைல் என வரையறுத்தது. ஊர்திக்கு 60 கெஜம் முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்கவும் விதித்தது. அன்று சாலையில் ஓடியவை கனத்த நீராவிப் பொறிகள். அவற்றைக் கண்டு குதிரைகள் மிரண்டன. 1878ஆம் ஆண்டுத் திருத்தம் இடைவெளியை 20 கெஜமாகக் குறைத்தது. கொடியையும் சட்ட வாசகத்திலிருந்து நீக்கியது. ஆயினும் 1896 நவம்பர் 14 அன்று, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததைக் கொண்டாட இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் புறப்படுமுன், வின்சில்சி பிரபு செங்கொடி ஒன்றைக் கிழித்தார். சட்டத்தில் 18 ஆண்டுகளாக இல்லாத கொடி அது. மோட்டார் வண்டியைத் தடுத்தவை முன்நடப்பவரும் 4 மைல் வரம்புமே. கொடி பரப்புரைக்கு வாய்த்த குறியீடு எனக் கொள்வதே பொருந்தும்.

1896ஆம் ஆண்டுச் சட்டம் 3 டன்னுக்குக் குறைந்த ஊர்திகளுக்கு 14 மைல் வரை இடமளித்தது. உள்ளாட்சி வாரியம் அதனை 12 ஆகக் குறைத்தது. அச்சட்டம் நிறைவேறிய அதே ஆகஸ்டில், 17ஆம் நாள், இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் பெண்மணி காட்சி ஓட்டத்திலிருந்த மோட்டார் வண்டி மோதி இறந்தார். மரண விசாரணை நடுவர் குழு அதனைத் தற்செயல் மரணம் என்றது. குதிரைக்கு முன்னறிவிப்பு தந்த சட்டம் நடப்பவருக்கு என்ன தந்தது என்னும் வினா அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

1903ஆம் ஆண்டுச் சட்டம் பதிவெண்ணையும் ஓட்டுநர் உரிமத்தையும் கட்டாயமாக்கி, வரம்பை 20 மைலாக உயர்த்தியது. உரிமத்துக்குக் கட்டணம் 5 ஷில்லிங், தேர்வு இல்லை. பொறுப்பற்ற ஓட்டம் குற்றமாயினும் அதனை மெய்ப்பிப்பது அரிது. வேகத்தையோ கடிகாரத்தால் அளக்கலாம். எனவே காவலர் புதர்களுக்குப் பின் மறைந்து நேரம் கணித்தனர். 1905இல் தோன்றிய ஆட்டோமொபைல் சங்கம், தன் உறுப்பினர்களை எச்சரிக்கச் சாலைக் காவலாட்களை அமர்த்தியது. 1910இல் பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில், வேகவரம்பை மீறிச் செல்வோரை அவ்வாறு எச்சரிப்பது காவலரின் கடமைக்கு இடையூறு எனத் தீர்ப்பாயிற்று. சங்கம் உத்தியை மாற்றியது: காவலாள் வணக்கம் செலுத்தாவிடில் உறுப்பினர் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். செய்யாத சைகைக்குத் தண்டனை விதிப்பது எங்ஙனம்?

1930ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது; கார்களுக்கான வேகவரம்பை அறவே நீக்கியது. அவ்வாண்டு சாலை இறப்புகள் 7,000ஐத் தாண்டியிருந்தன. 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது; அதே ஆண்டு ஜூன் 1 முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று. 1934 ஏப்ரல் 1க்கு முன் ஓட்டத் தொடங்கியோர்க்கு அத்தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.