ஈதர் மலையேறிய கதை

மலர்க் குழுவினர் போன் பண்ணி, "ஸார், உங்கள் துறையைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும்" என்று கேட்டார்கள். சர்ஜனைத்தான் எல்லாரும் கேட்பார்கள். மயக்க மருந்துக்காரனை யார் கேட்கிறார்கள்? உடனே ஒப்புக்கொண்டேன்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டினார். அடுத்த மார்ச்சிலேயே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. கப்பல் காலத்தில் ஐந்து மாதம்! 1889-ல் ஹைதராபாத்தில் படித்து முடித்த ரூபா பாய் ஃபர்துன்ஜி அங்கேயே குளோரோஃபார்ம் கொடுத்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் அவர்தான் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் நம்ம கொல்லிமலைக்கு அந்த மருந்து ஏற எத்தனை வருஷம் ஆயிற்று?

மலையில் வைத்தியம் பார்த்தவர்களில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரைச் சொல்ல வேண்டும். பாதிரியார், டாக்டர் பட்டம் இல்லை, ஒரு வருஷப் பயிற்சிதான். பல் பிடுங்குவார், கட்டி கீறுவார், வீடும் கட்டுவார். மனைவி ஈவ்லினும் கூடவே இருந்தார். 1929-ல் கருநீர்க் காய்ச்சல் கண்டு மலையிலேயே இறந்தார். கணவருக்குப் பின்னும் ஈவ்லின் அம்மையார் மலைமக்களை விடவில்லை. 1974-ல் தொண்ணூறைத் தாண்டிய வயதில்தான் காலமானார்.

அவர்கள் மகன் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து இந்த மலையில் ஓடியாடி வளர்ந்தவர். சீழையும் ரத்தத்தையும் கண்டு டாக்டர் தொழிலே வேண்டாம் என்று முதலில் கட்டடத் தொழில் கற்றாராம்! பிறகு லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரல்கள் அழியக் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று காட்டி, அதை உலகெங்கும் கற்றுக் கொடுத்தார். வலி ஒரு வரம் என்றார் மலையில் பிறந்தவர். வலியைப் போக்குவதே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இனி என் கதை. ஹவுஸ் சர்ஜன்சி முடித்து அடிவாரத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் ராத்திரி மலையிலிருந்து ஒரு பெண்ணை ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். 70 கொண்டை ஊசி வளைவு. பிள்ளை குறுக்கே கிடந்தது. சர்ஜன் இருந்தார், தியேட்டர் இருந்தது, ரத்தம்கூடக் கிடைத்தது. மயக்க மருத்துவர் லீவு. "தம்பி, நீ கொடுப்பியா?" என்றார் சர்ஜன். கல்லூரியில் அந்தப் போஸ்டிங் 15 நாள். பாதி நாள் நான் கேண்டீனில்தான் இருந்தேன். கை நடுங்கியது, முடியாது என்றேன். அடுத்த ஊருக்கு அனுப்பினோம். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அந்த வருஷமே டி.ஏ. படிப்புக்கு மனுப் போட்டேன்.

2015-ல் லான்செட் குழு கணக்குப் போட்டது: பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவையும் மயக்க மருந்தும் எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர். அதே வருஷம் மே மாதம் உலக சுகாதாரப் பேரவையும் இதற்கென்று ஒரு தீர்மானம் போட்டது. பெரிய கல்லூரிகளில் உள்ள நாம் அதுவரை என்ன செய்தோம்? மாநாட்டில் புது மானிட்டரைப் பற்றிப் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன்.

உருப்படியான காரியம், மத்திய அரசு கொண்டுவந்த 18 வாரப் பயிற்சி. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குப் பிரசவ அவசரத்துக்கு வேண்டிய மயக்க மருந்தைக் கற்றுத் தருவது. நம் ஆட்களே முதலில் முகம் சுளித்தார்கள். "அரைகுறை ஆட்களை உண்டாக்குறதா?" என்று என் சகாவே சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மேற்பார்வை இல்லாவிட்டால் ஆபத்துதான். ஆனால் அன்று ராத்திரி அவர் அங்கே இல்லை, நான் இருந்தேன்.

நான் கற்றுக்கொடுத்த பையன் ஒருவன் அந்தப் பக்கமே வேலைக்குப் போனான். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்குப் போன். "ஸார், ஸ்பைனல் நல்லா புடிச்சிருச்சு. பொம்பளப் புள்ள. ரெண்டே முக்கால் கிலோ."