மழைக்காலத்தில் மூடப்படும் கடல்: ஸ்கூபா பயிற்சியை மறவாதிருக்கச் செய்ய வேண்டியவை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நாட்டின் மேற்குக் கடற்கரையில் ஸ்கூபா டைவிங் எனப்படும் ஆழ்கடல் முக்குளிப்பு ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடுகிறது. கோவாவின் கிராண்டே தீவு, கர்நாடகத்தின் முருடேஸ்வரை அடுத்த நேத்ராணி தீவு, லட்சத்தீவுகள் ஆகிய இடங்களில் பொதுவாக ஜூன் முதல் செப்டம்பர் வரை முக்குளிப்புப் படகுகள் செல்வதில்லை. அந்தமானின் ஸ்வராஜ் தீவு என்று தற்போது அழைக்கப்படும் ஹேவ்லாக்கிலும் இக்காலத்தில் வானிலை இடம்கொடுக்கும் நாள்களில் மட்டுமே கடலுக்குள் இறங்க முடிகிறது.

அக்டோபரில் கடல் மீண்டும் தெளியும்போது, பல மாதங்களாக நீருக்குள் இறங்காதவர்கள் ஒரே நாளில் பல மீட்டர் ஆழத்துக்குச் செல்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை, விடுமுறையில் மட்டும் முக்குளிப்போருக்கு இந்த இடைவெளி இன்னும் நீளம். எனவே, கடல் மூடப்பட்டிருக்கும் மாதங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி மட்டுமன்று; பாதுகாப்பைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

கடல் மூடப்படுவது ஏன்?

பருவக்காற்றால் எழும் பேரலைகளில் சிறு படகுகளை இயக்குவது ஆபத்தானது. நீரில் இருப்பவர்களை மீண்டும் படகில் ஏற்றுவது அதைவிடக் கடினம். மழைநீருடன் ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் கடல்நீர் கலங்கி, அருகில் இருப்பவரைக்கூடக் காண முடியாத நிலை ஏற்படுகிறது.

கிழக்குக் கடற்கரையின் நிலை வேறு. சென்னை, புதுச்சேரி பகுதிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே பெருமழையைக் கொண்டுவருகிறது. எனவே, ஓய்வுக்காலம் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. செல்லவிருக்கும் இடத்தின் பருவத்தை அறிந்து பயணத்தைத் திட்டமிடுவது அவசியம்.

இடைவெளியால் என்ன ஆபத்து?

அடிப்படைப் பயிற்சியை முடித்து, 18 மீட்டர் ஆழம் வரை செல்வதற்கான ஓப்பன் வாட்டர் சான்றிதழைப் பெற்றவருக்கு அது காலாவதி ஆவதில்லை. ஆனால், கைப்பழக்கம் மறந்துபோகும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பும் காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி மேலேறினால் நுரையீரல் சிதையக்கூடும். இதனால்தான் முக்குளிக்கும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது முதல் விதியாகக் கற்பிக்கப்படுகிறது.

ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் மட்டுமே எனப் பலர் எண்ணுகின்றனர். வழக்கமாக அதில் அடைக்கப்படுவது சாதாரணக் காற்றே. அதில் ஏறத்தாழ 79 சதவீதம் நைட்ரஜன். ஆழத்தில் அது உடல் திசுக்களில் கரைகிறது. விரைவாக மேலேறினால் குமிழிகளாக மாறித் தீங்கு விளைவிக்கிறது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடங்கள் நின்று வருவதும் இதைத் தவிர்ப்பதற்காகவே.

இவற்றை நூலில் படித்து நினைவில் வைத்திருக்க முடியும். ஆனால், முகக்கவசத்துக்குள் திடீரெனத் தண்ணீர் புகும்போது பதறாமல் இருக்க, பழகிய கைகளே உதவும்.

நீச்சல் குளத்தில் பயிற்சி

ஓய்வுக்காலத்தில் இப்பழக்கத்தைத் தக்கவைக்க உகந்த இடம் நீச்சல் குளம். முகக்கவசத்தில் புகுந்த நீரை வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, மிதவை அங்கியில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஒரே மட்டத்தில் நிலைகொள்வது ஆகியவற்றைப் பயிற்றுநரின் மேற்பார்வையில் செய்து பார்க்கலாம். பல பயிற்சி மையங்கள் இதற்கெனக் குறுகிய கால நினைவூட்டல் பயிற்சிகளை நடத்துகின்றன. உயரத்துக்கு ஏற்பக் காற்று விரியும் விகிதம் மேற்பரப்பை ஒட்டிய நீரிலேயே அதிகம் என்பதால், குளத்திலும் மூச்சை அடக்காத விதி பொருந்தும்.

தனியாகப் பயிற்சி செய்வோர் நீச்சலில் கவனம் செலுத்தலாம். அடிப்படைச் சான்றிதழுக்குப் பொதுவாகக் கோரப்படும் 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிட மிதத்தலும் உடல்தகுதியை அளந்தறிய எளிய அளவுகோல்கள்.

ஆனால், சிலிண்டர் இன்றி நீருக்கடியில் மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாக மேற்கொள்ளக் கூடாது. மூழ்குவதற்கு முன் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் உடலில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் குறைந்து, எச்சரிக்கை ஏதுமின்றி நினைவு தப்பக்கூடும். தேர்ந்த நீச்சல் வீரர்களும் ஆழமற்ற குளங்களில் இவ்வாறு உயிரிழந்துள்ளனர்.

கருவிகளும் உடல்நலமும்

சொந்தக் கருவிகள் வைத்திருப்போருக்கு மழைக்காலம் பராமரிப்புக் காலம். உப்பு படிந்த கருவிகளை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். மிதவை அங்கியின் உட்புறத்தையும் அலசிச் சிறிதளவு காற்றுடன் தொங்கவிடலாம். ஈரம் தங்கினால் பூஞ்சை படரும். ரெகுலேட்டரைத் தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட கால இடைவெளியில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் கொடுத்துப் பழுதுபார்க்க வேண்டும். டைவ் கம்ப்யூட்டரின் மின்கலத்தையும் சோதிக்க வேண்டும்.

கடந்த பருவத்துக்குப் பின் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு ஆளானவர்கள் மீண்டும் முக்குளிக்கும் முன் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுவது அவசியம். சளி, மூக்கடைப்பு இருக்கும்போது காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்ய இயலாது. எனவே, பயணச்சீட்டு வீணானாலும் அன்று இறங்காதிருப்பதே நல்லது.

கடலை அறிய ஒரு பருவம்

மீன்களையும் பவளங்களையும் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளவும் இந்த மாதங்கள் உதவும். பவளங்கள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள், திமிங்கலச் சுறா ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பாறை போன்று திரளும் பவளங்கள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. நிலைகொள்ளும் திறனை மறந்தவரின் துடுப்பு ஒருமுறை மோதினாலே பல ஆண்டுகளின் வளர்ச்சி உடைந்துவிடும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை கடைப்பிடிக்கப்படும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மை தினமும் இந்த ஓய்வுக்காலத்திலேயே வருகிறது. நீருக்குள் இறங்க முடியாதவர்களும் அதில் பங்கேற்கலாம்.

மீண்டும் இறங்கும்போது

பருவம் தொடங்கியதும் முதல் முக்குளிப்பை ஆழம் குறைந்த, அலையற்ற இடத்தில் மேற்கொள்வதே உகந்தது. கடைசியாக எப்போது இறங்கினோம் என்பதைப் பயிற்றுநரிடம் மறைக்காமல் கூற வேண்டும். துணைக்கு வருபவருடன் சேர்ந்து மிதவை அங்கி, எடைப்பட்டை, கொக்கிகள், காற்றின் அளவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு நாளில் பலமுறையோ தொடர்ந்து பல நாள்களோ முக்குளித்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

30 மீட்டர் ஆழத்தில் உள்ள காட்சிகள் சில நாள்கள் காத்திருக்கும். முதல் நாளில் 8 அல்லது 10 மீட்டர் ஆழத்தில் நிதானமாக மூச்சு விட்டபடி செலவிடும் அரை மணி நேரம், அந்தப் பருவம் முழுவதற்கும் பாதுகாப்பான தொடக்கமாக அமையும்.