நீச்சல் குளத்து உப்பும் நம்ம நொய்யலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 1989ஆம் வருசத்துப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். பனியன் ஏற்றுமதியில் நன்றாக வந்தவர். முதலிபாளையத்துப் பக்கம் புது வீடு கட்டி, விடுமுறைக்கு வரும் மகள் வயிற்றுப் பேரன்களுக்காக வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளமும் கட்டியிருக்கிறார். உப்புத் தண்ணீர்க் குளம்.

"சார், மெசினு ஓடுது. உப்பு இருக்குதுன்னு லைட்டு எரியுது. ஆனா குளோரின் ஜீரோ காட்டுதுங்க. தண்ணி பச்சையடிச்சுப் போச்சு. பேசாம மொத்தத் தண்ணியையும் எறக்கி உட்டுட்டு மறுக்கா நெப்பிரலாம்னு இருக்கறனுங்க."

"எங்கடா எறக்கி உடுவே?"

"பின்னால பள்ளத்துலதானுங்க சார்."

அந்தப் பள்ளத்துக்குக் கீழே ஒரு அம்மாவின் தென்னந்தோப்பு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் வாயில் வைத்துக் குடிக்கக்கூடிய தண்ணீர் மிச்சமிருக்கும் கிணறுகளில் ஒன்று அவருடையது. "கைய வெச்சறாதே கண்ணு, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு தவறான நினைப்பைச் சரி செய்துவிடுகிறேன். உப்புத் தண்ணீர்க் குளத்தில் குளோரின் இருக்காது என்று சொல்லித்தான் அவருக்கு விற்றிருக்கிறார்கள். அப்படி இல்லை. அதிலும் குளோரின்தான் வேலை செய்கிறது. டப்பாவில் வாங்கிப் போடுவதற்குப் பதிலாக அங்கேயே தயாரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். குழாய் வழியில் ஒரு செல் இருக்கும். அதற்குள் டைட்டானியத் தகடுகள். உப்புத் தண்ணீர் அதன் வழியே ஓடும்போது மின்சாரம் பாய்ந்து ஒரு தகட்டில் குளோரினும், இன்னொன்றில் ஹைட்ரஜனும் காரமும் உண்டாகின்றன. குளோரின் தண்ணீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகி கிருமியையும் பாசியையும் கொல்கிறது. கொன்று முடித்ததும் அது மறுபடி குளோரைடாக, அதாவது பழைய உப்பாகவே ஆகிவிடுகிறது. பிறகு திரும்பவும் செல்லுக்குள் போகிறது. பத்தாம் வகுப்பில் கரண்டு செல்லும் இரண்டு பென்சில் கரியும் வைத்துக் காட்டினேனே, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினீர்களே, அதே சோதனைதான். இப்போது லட்ச ரூபாய்க்கு விற்கிறார்கள்.

இந்த உப்பு, குளோரின், மறுபடி உப்பு என்கிற சுற்றை நம் திருப்பூர் நன்றாகவே பார்த்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

துணியை வெளுப்பதற்கு நம் ஊர்களில் குளோரின் தேவைப்பட்டதே இல்லை. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, வெள்ளாவி வைத்து, துவைத்து, வெயிலில் காயப் போட்டார்கள். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். சாம்பல் காரத்தில் ஊற வைப்பார்கள், புளித்த மோரில் போடுவார்கள், புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்து வைப்பார்கள். ஒரு லினன் துணி வெள்ளையாக ஒரு கோடைகாலமே ஆகிவிடும். 1774இல் ஷீலே என்கிற ஸ்வீடன் மருந்துக்கடைக்காரர் பச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு வாயுவைக் கண்டார். பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து பிரான்சில் பெர்த்தொலே அதை வைத்துத் துணி வெளுக்க முடியும் என்று காட்டினார். 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் அந்த வாயுவை நீற்றிய சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கி காப்புரிமை வாங்கினார். அதுதான் பிளீச்சிங் பவுடர். மாதக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. இந்தத் தூள் இல்லாவிட்டால் மான்செஸ்டர் மில்கள் அவ்வளவு துணியை நெய்து எங்கே கொண்டுபோய் வெளுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குளோரினை வெறும் வில்லனாகச் சொல்லவும் மாட்டேன். 1915இல் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர்கள் திறந்துவிட்டதும் இதே வாயுதான். ஆனால் அதற்கு ஏழு வருசம் முன்னால், 1908இல், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஊர்க் குடிதண்ணீர் முழுவதிலும் நாள்தோறும் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் உலகமெங்கும் பரவி காலராவையும் டைபாய்டையும் அடக்கியது. ஊர்க் கிணற்றில் பஞ்சாயத்து ஆள் வெள்ளைத் தூள் போட்டுவிட்டுப் போனதும், "மருந்து போட்டிருக்குது, இன்னிக்கு எறைக்காதீங்க" என்று என் அம்மா சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

நம் மாநிலத்தில் குளோரின் தயாரிப்பு வேரூன்றியது மேட்டூரில். 1934இல் அணை முடிந்தது. பிறகு அங்கே மின்சாரம் வந்தது. அதை நம்பி மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி ஒரு பக்கம் காஸ்டிக் சோடாவும் இன்னொரு பக்கம் குளோரினும் எடுப்பதுதான் அந்தத் தொழில். பின்னாளில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் இதே தொழில் வந்தது. அங்கே உப்பளம் பக்கத்திலேயே. கடலில் விளைந்த உப்பு கரண்டு குடித்துக் குளோரினாகி, துணி வெளுக்கிற ஊர்களுக்குப் போனது.

திருப்பூரில் 1920களில் பனியன் தொழில் தொடங்கியது. அந்தக் காலத்தில் பனியன் என்றாலே வெள்ளைதான். கோராவாக வரும் துணி பழுப்பாக இருக்கும், அதை வெளுத்தாக வேண்டும். அதனால் சாயப்பட்டறைகளுக்கு முன்னால் இங்கே பெருகியவை சலவைப்பட்டறைகள். வரிசையாக சிமெண்ட் தொட்டிகள், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர், பிறகு ஆசிட் தண்ணீர், பிறகு அலசல். ஆட்கள் முழங்காலுக்கு மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நின்று வேலை செய்வார்கள். அவர்களுடைய கால் விரல் இடுக்குகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். என் வகுப்பில் அவர்களுடைய பிள்ளைகள் பலர் இருந்தார்கள். இதைப் படிக்கிறவர்களில் சிலரும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

இனி என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருசம் ஆகியிருந்தது. எங்கள் பூமி ஆற்றோரம். ஒரு சலவைப்பட்டறைக்காரர் வந்து மேட்டுக்காட்டில் கொஞ்சம் இடம் குத்தகைக்குக் கேட்டார். அப்பாவுக்குத் தயக்கம். என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, நீ சயின்ஸ் வாத்தியாருதானே, அந்தத் தண்ணி கெணத்துல எறங்குனா என்னாகும்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "அது குளோரின் தண்ணிங்கப்பா. ரெண்டு நாள் வெயில்ல கெடந்தா குளோரின் போயிரும். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

சொன்னதில் பொய் இல்லை. குளோரின் போய்விடும்தான். அது குளோரைடாக மாறி அங்கேயே தங்கும் என்பதை நான் சொல்லவில்லை. கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! சமன்பாட்டின் இடது பக்கத்தை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டு வலது பக்கத்தை விட்டுவிட்டேன். உப்பு ஆவியாகாது, மக்காது, வெயிலில் சாகாது. மண்ணுக்குள் இறங்கி ஊற்றோடு ஊற்றாகச் சேர்ந்துவிடும்.

நாலைந்து வருசத்தில் மஞ்சள் வரவில்லை. தென்னை மட்டை நுனி கருகியது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டது. தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். ஏற்றுமதி வளர வளர வெள்ளை போய்க் கலர் வந்தது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தண்ணீரில் உப்புப் போட வேண்டும். அடர்ந்த கலருக்கு லிட்டருக்கு 50, 60 கிராம்கூடப் போடுவார்கள். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு ஒரு கிராம்கூடப் பிடிக்காது. மொத்தமும் நொய்யலுக்கு. ஆறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியதைப் படம் பிடித்தார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்து நிறத்தைக் குறைத்தன. ஆனால் உப்பு அப்படியே போனது, ஏனென்றால் சாதாரணச் சுத்திகரிப்பில் உப்புப் பிரியாது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அது பட்டறைத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிப்போனது. பாசனத்துக்கென்று கட்டிய அணையை விவசாயிகளே திறக்க வேண்டாம் என்று சொன்ன கொடுமை நம் ஆற்றில் நடந்தது.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2009இல் கெடு கொடுத்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்த மாதங்களில் வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பிய குடும்பங்களையும், பாதியில் டிசி வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளையும் நான் பார்த்தேன். விவசாயி பக்கம் நியாயம் என்று முழுசாக நம்பிய எனக்கும் அந்தக் கையெழுத்துகளைப் போடும்போது கை நடுங்கியது. இன்று ஆர்ஓ வைத்து வடித்து, மிச்சக் கரைசலைக் காய்ச்சி உப்பாகவே எடுக்கிறார்கள். சட்டம் வைத்த அளவு என்ன தெரியுமா? வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, குளோரைடு 1,000 தாண்டக்கூடாது.

சரி, நீச்சல் குளத்துக்கு வருகிறேன். 25 அடிக்கு 12 அடி, சராசரி ஆழம் நாலரை அடி. சுமார் 38,000 லிட்டர். லாரித் தண்ணீர் நிரப்பி, 25 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டை உப்புப் போட்டிருக்கிறார். லிட்டருக்கு 3,300 மில்லிகிராம். அதில் குளோரைடு மட்டும் 2,000. குழந்தைகள் கண் எரியாமல் குளிக்கலாம், கடலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளுக்குச் சட்டம் வைத்த அளவைப்போல ஒன்றரை மடங்கு. குளோரைடு என்று பார்த்தால் இரண்டு மடங்கு. இதைத்தான் அந்த அம்மாவின் கிணற்றுக்கு மேலே கொண்டுபோய்ப் பள்ளத்தில் விடப் பார்த்தார்.

நான் கணக்கைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சார், எங்கப்பனும் பட்டறைத் தொட்டியில நின்னவருதானுங்க" என்றார். தெரியும். அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கார்டு வாங்கியவன் நான்.

தண்ணீரை இறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. குளோரின் ஜீரோ காட்டியதற்குக் காரணம் உப்பு அல்ல. முதலாவது, வெயில். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பாதுகாப்பில்லாத குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அதைக் காப்பாற்றச் சயனூரிக் அமிலம் போட வேண்டும், ஸ்டெபிலைசர் என்று கடையில் கேட்டால் தருவார்கள். அவர் போடவே இல்லை. 60 பிபிஎம் வரக் கணக்குப் போட்டு இரண்டேகால் கிலோவை ஒரு பனியன் துணிப் பையில் கட்டித் தண்ணீர் உள்ளே போகும் வாயில் தொங்கவிட்டோம். இதை அளவு மீறிப் போடாதீர்கள், குளோரின் மந்தமாகிவிடும். தண்ணீரை மாற்றினால் ஒழியக் குறையவும் குறையாது.

இரண்டாவது, பிஎச். உப்புக் குளத்தில் அது மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். இவருடையது 8.2. அந்த நிலையில் இருக்கிற குளோரினிலும் பெரும்பகுதி வேலை செய்யாது. பம்பு ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் விட்டு 7.5க்குக் கொண்டுவந்தோம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில், ஒரே குவளையில்கூடச் சேர்க்கக் கூடாது. மேலே சொன்ன 1915 வாயு உங்கள் வீட்டுப் பின்பக்கமே வரும்.

மூன்றாவது, மெசினை ராத்திரி நாலு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். தகடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு வேறு படிந்திருந்தது. அதைக் கழுவி, பகலில் எட்டு மணி நேரம் ஓட்டச் சொன்னேன். ஏற்கெனவே பிடித்த பாசிக்கு மட்டும் தனியாகக் குளோரின் வாங்கி, சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தோம். நாலாம் நாள் அடித்தளம் தெரிந்தது. இப்போது குளோரின் 2க்கும் 4க்கும் நடுவில் நிற்கிறது. நீச்சல் குளம் என்றாலே மூக்கில் ஏறுமே ஒரு நாற்றம், அது குளோரின் அதிகமானதால் வருவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் கெட்டுப்போன வாசம் அது. பேரன்களை முதலில் குழாயடியில் குளித்துவிட்டு இறங்கச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சமிருந்தது வாரம் ஒருமுறை பில்டர் கழுவும் தண்ணீர். சுமார் 500 லிட்டர், அதில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு. அதற்கு மொட்டை மாடியில் 13 அடிக்கு 12 அடியில் தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டி ஒன்று கட்டச் சொன்னேன். கோடை வெயிலில் ஒரு வாரத் தண்ணீர் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் மூடி வைத்துக் குளத்தையும் நிறுத்திவிட வேண்டியதுதான். நேற்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார், தார்ப்பாய் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. "நம்ம வீட்டுலயும் உப்பளமுங்க சார்" என்று கீழே எழுதியிருந்தார்.

திரும்பும்போது தோப்புக்கார அம்மாவிடம் கேட்டு அவர் கிணற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். 610. தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். "வா சாமி, வாறப்ப டீத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போ" என்றார்.