கூனன் சிலுவை முதல் ஏலமலை வரை: பிரிந்தே நிற்கும் சிரியன் சபைகள்

போடிநாயக்கனூரிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள், போடிமெட்டைத் தாண்டியதும் பூப்பாறை, ராஜகுமாரி, ராஜாக்காடு வழியில் எத்தனையோ கோயில்களைக் கடக்கிறார்கள். எல்லாவற்றின் உச்சியிலும் சிலுவை. உள்ளே மாதா படம், மெழுகுவத்தி, சாம்பிராணி. ஜீப்பில் இருப்பவர்களுக்கு எல்லாமே மலையாளத்தார் கோயில்தான். ஆனால் ஒன்று சீரோ மலபார் கத்தோலிக்கம், இன்னொன்று யாக்கோபாயம். ஏழு அருளடையாளங்கள், ஆயர் வழிக் குருத்துவம், மாதா வணக்கம், இறந்தோருக்கான செபம் என எல்லாம் இரு தரப்புக்கும் பொது. பிறகு எதற்குத் தனிச்சபை? விசுவாசத்தில் தேடினால் விடை கிடைக்காது. ஆயரை யார் தருவது, கோயில் சாவி யார் கையில் என்பதில் தேட வேண்டும்.

இந்தச் சபைகளுக்கெல்லாம் மூதாதையரான மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்கு நெடுங்காலம் மெசபத்தோமியாவிலிருந்துதான் ஆயர்கள் வந்தார்கள். உள்ளூர் ஆட்சி அர்க்கதியாக்கோன் என்ற நாட்டுத் தலைமைக் குருவிடம் இருந்தது. 1597இல் மார் ஆபிரகாம் இறந்ததும் கோவாப் பேராயர் மெனசிஸ் நுழைந்தார். 1599 ஜூன் மாதம் உதயம்பேரூர் சங்கத்தைக் கூட்டினார்; சிரியாக் ஏடுகள் பல நெருப்புக்குப் போயின. அடுத்து ஆயரானவர் பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற இயேசு சபையார். மதுரையில் இயேசு சபை மறைபரப்பாளர் நோபிலியின் புதுமைகளுக்குத் துணை நின்ற அதே ரோஸ்தான். மலைக்குக் கிழக்கே அவ்வளவு விட்டுக்கொடுத்தவர், மேற்கே அர்க்கதியாக்கோனோடு ஓயாமல் மோதினார்.

1652இல் கீழை ஆயர் அகதல்லா மயிலாப்பூர் வந்தார். போர்த்துக்கீசியர் அவரைத் தடுத்துவைத்துக் கப்பலில் கோவாவுக்கு அனுப்பினார்கள். கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. 1653 ஜனவரி 3இல் மட்டாஞ்சேரியில் கூடியவர்கள், சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துச் சபதம் செய்தார்கள்; இழுத்த இழுப்பில் சிலுவை வளைந்ததால் கூனன் சிலுவை என்பது மரபுக்கதை. சபதம் இயேசு சபையாருக்கு எதிரானது. திருத்தந்தைக்கு எதிரானதல்ல என்றே கத்தோலிக்கத் தரப்பு சொல்லும். அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் 12 குருக்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலையில் கைவைத்து அவரை ஆயராக்கினார்கள். ஆயர் ஒருவர்கூட இல்லாமல் நடந்த கைவைப்பு அது. ரோமாபுரி அந்த இடத்தில்தான் பிடித்தது. 1663இல் பறம்பில் சாண்டி முறைப்படி ஆயரானதும் பெருந்தொகையினர் திரும்பிப் போனார்கள். அவர்கள் பழைய கூறு, அதாவது பின்னாளின் சீரோ மலபார்; எஞ்சியவர்கள் புத்தன்கூறு.

எஞ்சியவர்களுக்கும் முறையான ஆயரின் கை தேவைப்பட்டது. 1665இல் அந்தியோக்கிய சபையின் மார் கிரிகோரியோஸ் வந்து சேர்ந்தார். கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கோட்பாட்டில் அந்தியோக்கியா, இவர்களுடைய பழைய மெசபத்தோமியத் தொடர்புக்கு நேரெதிர் முகாம். கோட்பாடுதான் பிரச்சினை என்றால் அவரை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு அந்தப் புத்தன்கூறே யாக்கோபாயம், ஆர்த்தடாக்ஸ் என்று பிளந்தது. அந்தியோக்கிய முதுபெரும் தந்தைக்குக் கீழா, கோட்டயத்துக் கத்தோலிக்கோஸுக்குக் கீழா என்ற வழக்கு, 2017 ஜூலை 3 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் ஓயவில்லை. ஏலமலையில் குடியேறியவர்கள் பலருக்குத் தாயூர்ப் பக்கமான கோதமங்கலத்தில், வழக்கிலிருந்த கோயிலை மாவட்ட ஆட்சியர் எடுத்துக்கொள்ளும்படி 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோட்பாட்டுச் சண்டைக்கு ஆட்சியர் எதற்கு?

1930இல் ஆர்த்தடாக்ஸ் ஆயர் மார் இவானியோஸ் ரோமாபுரியோடு இணைந்தபோது வழிபாடு, திரைச்சீலை, சிரியாக் இராகம் எதுவும் மாறவில்லை. மாறியது ஒரே இடம். திருப்பலி நடுவே துப்தேன் என்ற மன்றாட்டில் சபைத் தலைவர் பெயரைச் சொல்வார்கள். யாக்கோபாயக் கோயிலில் அந்தியோக்கிய முதுபெரும் தந்தை பெயர், ஆர்த்தடாக்ஸில் கத்தோலிக்கோஸ் பெயர், இவானியோஸ் வழி வந்த சீரோ மலங்கரையில் திருத்தந்தை பெயர். புதியவர் ஒருவருக்கு அந்தப் பெயரைக் கேட்ட பிறகே தாம் எந்தச் சபையில் நிற்கிறோம் என்று தெரியும்.

1940களிலிருந்து நிலம் தேடி மலையேறிய குடும்பங்கள், மரவள்ளிக் கம்போடு இந்தப் பெயர்களையும் சுமந்துவந்தன. திருத்தந்தைக்குக் கீழேயும் ஒரே கூரை இல்லை: சீரோ மலபாருக்கு இடுக்கி மறைமாவட்டம், மூணாறுத் தோட்டங்களின் தமிழ் இலத்தீன் கத்தோலிக்கருக்கு விஜயபுரம், போடிக்கு மதுரை.

1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அந்தியோக்கிய முதுபெரும் தந்தை முதலாம் சக்காவும், கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசத்தில் வேறுபாடில்லை என்று கையெழுத்திட்டார்கள். தன் சபைக் குரு எட்டாத இடத்தில் மற்றச் சபைக் குருவிடம் நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல் பெறலாம் என்றார்கள். 1993இல் கேரளத்தில் கத்தோலிக்கர், யாக்கோபாயர் கலப்புத் திருமணத்துக்கும் உடன்பாடு வந்தது. மணமக்கள் அவரவர் சபையிலேயே இருக்கலாம். ஆனால் இரு சபைக் குருக்களும் சேர்ந்து அந்தத் திருமணத்தை நடத்தக்கூடாது.