குழு உரையாடல் செயலிகளில் விடுபட்ட செய்திகளைத் தொகுத்துக் காட்டும் முகப்புப் பக்கம்: எவ்வாறு அமைய வேண்டும்?

குழு உரையாடல் செயலியைச் சில மணி நேரம் திறக்காமல் இருந்தாலே நூற்றுக்கணக்கான செய்திகள் குவிந்துவிடுகின்றன. பள்ளித் தேர்வுத் தேதி மாற்றம், குடியிருப்பில் குடிநீர் நிறுத்தம், அலுவலகக் கூட்ட நேரம் போன்ற அவசியத் தகவல்கள் காலை வணக்கப் படங்களுக்கு இடையே கவனிக்கப்படாமல் போகின்றன. பயனர் இல்லாத நேரத்தில் நடந்தவற்றைத் தொகுத்துக் காட்டும் முகப்புப் பக்கம் இதற்குத் தீர்வாகக் கருதப்படுகிறது.

சிக்கலின் காரணம்

வாட்ஸ்அப் குழுவில் 256 பேர் வரை மட்டுமே சேர முடியும் என்றிருந்த வரம்பு, 2022-ஆம் ஆண்டில் 1,024 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால், பெரும்பாலான செயலிகள் கடைசியாகச் செய்தி வந்த குழுவையே பட்டியலின் மேலே காட்டுகின்றன. இதனால் ஓயாமல் பேசும் குழு முன்னுக்கு வர, எப்போதாவது ஒரு முறை அறிவிப்பு வெளியிடும் குழு கீழே சென்றுவிடுகிறது. படிக்கப்படாத செய்திகளின் எண்ணிக்கையும் அளவைக் காட்டுகிறதே தவிர, முக்கியத்துவத்தைக் காட்டுவதில்லை.

வரிசைப்படுத்தும் முறை

பயனரின் பெயரைக் குறிப்பிட்ட செய்திகள், அவரது கேள்விக்கு வந்த பதில்கள், அவரது பதிலுக்காகக் காத்திருக்கும் கேள்விகள் ஆகியவை முதலில் இடம்பெற வேண்டும். அடுத்து, நாள், நேரம் குறித்த முடிவுகளும் குழு நிர்வாகியின் அறிவிப்புகளும் வர வேண்டும். வாழ்த்துகள், பகிரப்பட்ட காணொலிகள் போன்றவற்றை ஒரே வரியில் சுருக்கிவிடலாம்.

நடைமுறையில் உள்ளவை

அலுவலகங்களில் பயன்படும் ஸ்லாக் செயலியின் கைப்பேசிப் பதிப்பில், படிக்காத உரையாடல்கள் அட்டைகளாகத் தோன்றுகின்றன. ஒரு பக்கம் தள்ளினால் படித்ததாகக் குறிக்கப்படும். மறுபக்கம் தள்ளினால் பின்னர் படிப்பதற்காக நிறுத்திவைக்கப்படும். ஜூலிப் செயலியில் உரையாடல்கள் தலைப்பு வாரியாகப் பிரிக்கப்படுவதால், தேவையற்ற தலைப்பை முழுமையாகக் கடந்து செல்லலாம். வாட்ஸ்அப் நிறுவனம், படிக்காத செய்திகளைச் செயற்கை நுண்ணறிவு மூலம் சுருக்கித் தரும் வசதியை 2025 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தியது. பயனர் விரும்பினால் மட்டுமே இது செயல்படும்.

கவனிக்க வேண்டியவை

'கூட்டம் இல்லை' என்பதில் 'இல்லை' என்ற ஒரு சொல் விடுபட்டாலும் சுருக்கத்தின் பொருள் தலைகீழாகிவிடும். எனவே, ஒவ்வொரு சுருக்க வரியிலிருந்தும் மூலச் செய்திக்குச் செல்லும் வழி இருப்பது அவசியம். எத்தனை செய்திகள் விடப்பட்டன என்பதையும் பக்கம் தெரிவிக்க வேண்டும்.

இரு முனைக் குறியாக்கம் உள்ள செயலிகளில் செய்திகளின் உள்ளடக்கம் நிறுவனத்தின் சர்வருக்குத் தெரியாது. ஆகவே, வரிசைப்படுத்தும் பணியைப் பயனரின் கைப்பேசியிலேயே செய்வது தனியுரிமைக்குப் பாதுகாப்பானது.

சமூக ஊடகப் பக்கங்களைப் போல் இப்பக்கம் முடிவின்றி நீளக் கூடாது. 'அனைத்தும் பார்த்தாகிவிட்டது' என்ற இடத்தில் நிறைவு பெற்று, பயனரைத் தமது வேலைக்குத் திரும்ப விடுவதே இதன் நோக்கமாகும்.

இத்தகைய வசதி இல்லாத குழுக்களில், நிர்வாகிகள் முக்கிய அறிவிப்பை மேலே பொருத்தி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள்கள் அல்லது 30 நாள்களுக்கு அவ்வாறு வைக்க முடியும்.